படிப்புக்கு மொய் கேட்ட அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று வீடு தேடி வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். சிலருக்குச் சுருக்கென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அக்கா ராசிங்காபுரத்தில் பிறந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா காலமானதால் படிப்பு நின்றது. போடியில் வாழ்க்கைப்பட்டு, ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதினார். கடையை மூடியபோது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. வேறு கடைகளில் போய்க் கேட்டால், டிகிரி இருக்கிறதா என்றார்கள். "அந்தக் கழுதைய வாங்கிட்டே வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்டா" என்று என்னிடம் சிரித்தார்.

வேலை இழந்து மறுபடி படிக்கப் போகிறவர்களுக்குப் பாதிக் கட்டணம் தரும் அறக்கட்டளை ஒன்று இருந்தது. மீதியை நாம் கட்ட வேண்டும். மச்சான் ஜீப் ஓட்டிக் கொண்டுவருவது சாப்பாட்டுக்கே சரியாக இருந்தது. நானும் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தேன்.

"விசேசம்னு ஒண்ணு வச்சாத்தான் செய்முறை வரும். படிப்புக்குன்னு எவன் மொய் செய்வான்?" என்றார் தாய்மாமன். அக்கா வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கிய ஓர் அறைக்குக் குடிபுகு விழா என்று பத்திரிகை அடித்தார். பந்தல், மைக், கறிச்சோறு எதற்கும் குறைவில்லை. நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். மொய் செய்தவர் பெயர்களை மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"சொந்தக்காரவுகளே, இந்த விசேசம் வீட்டுக்கு இல்ல. நான் காலேசுக்குப் பணம் கட்டணும். பொய் சொல்லி வாங்க மனசு வரல. இஷ்டமில்லாதவுக திருப்பி வாங்கிக்கங்க. ஆனா சாப்புட்டுப் போங்க."

"பேரன் பேத்தி எடுக்குற வயசுல பள்ளிக்கூடமா!" என்று பந்தியில் யாரோ சிரித்தார்கள். "டேய், வெரசா மைக்கப் பிடுங்குடா" என்று மாமா என்னிடம் கத்தினார். நான் அசையவில்லை. சிலர் கவரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சிலர் வேண்டாம் என்று விட்டுப் போனார்கள். விட்டுப் போனது ஓர் ஆண்டுக் கட்டணத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது.

அந்த ஓர் ஆண்டும் அக்கா முகத்தில் இருந்த தெளிச்சியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முதலில் ஆன்ட்டி என்று கூப்பிட்ட வகுப்புப் பிள்ளைகள், பிறகு அக்கா என்றார்கள். அடுத்த ஆண்டுக்குப் பணம் இல்லை. இன்னொரு விசேஷம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விடுமுறையில் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கும் வேலைக்குப் போனார். நல்ல மழைக்காலம். காய்ச்சலோடுதான் இறங்கி வந்தார். "மாத்திரையப் போட்டாச் சரியாப் போகும், காலேசு தெறக்கப் போகுதுல்ல" என்றார். நாங்களும் நம்பினோம். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது கை மீறிவிட்டது. அக்காவை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

அவரை மலையிலிருந்து கூட்டிவந்த ஜீப்காரத் தம்பிக்கும், ஆஸ்பத்திரியில் உடனிருந்த வகுப்புப் பிள்ளைகளுக்கும், அன்று கவரை விட்டுப் போன உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. கருமாதிக்கு நீங்கள் அனைவரும், அன்று திருப்பி வாங்கியவர்களும்கூட, மனம் கோணாமல் செய்முறை செய்தீர்கள். அதற்கும் நன்றி. அதில் பாதி முன்பே கிடைத்திருந்தால் அக்கா மலைக்குப் போயிருக்க மாட்டார். உங்களுக்கும் இது தோன்றாமல் இருந்திருக்காது.

அந்தப் பணத்தை மச்சான் தொடவில்லை. நம்மில் வேலை இழந்தவர் யாராவது விட்ட படிப்பைத் தொடர நினைத்தால், எந்த வயதானாலும் சரி, மச்சானிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அது அக்காவுக்காக வந்த பணம். அவர் கேட்டபோது வரவில்லை, அவ்வளவுதான்.