முகந்தான் இல்லையே

கோட்டையூரில் நான் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்துப் பதினைந்து வருடமாகிறது. நான் தைக்க, பக்கத்தில் டி.வி. ஓடிக்கொண்டே இருக்கும். சோப்புக்கு ஒரு பெண் குளிப்பாள், போகட்டும். சிமெண்டு மூட்டைக்கும் ஆம்பளை பனியனுக்கும் எதற்கு ஒரு பெண் இடுப்பை வளைக்க வேண்டும்? "வெக்கங்கெட்ட பயலுக" என்று நூலைப் பல்லால் கடித்தபடி திட்டுவேன். அப்படித் திட்டின வாய்தான் இது.

கொக்கி ஊசியால் பூப்போடும் ஆரி வேலை கற்றுக்கொண்ட புதிதில், அமராவதிபுதூரிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு முதுகில் மயில் வைத்து ஜாக்கெட் தைத்தேன். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். போட்டுப் பார்த்தவளை, "ஆல்பத்துக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன் தாயி" என்று போனில் படம் எடுத்தேன். ஆல்பத்துக்கு என்றுதான் சொன்னேன்.

தீபாவளிக்கு முன்னால் கடைக்குப் பேனர் அடிக்கப் போனேன். பேனர்க்காரர் என் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்து அந்தப் படத்தில் நின்றார்.

"முகம் வேணாம்க்கா. முதுகு போதும். பஸ்ல போறவன் திரும்பிப் பாப்பான்."

கம்ப்யூட்டரில் சேலையைக் கொஞ்சம் இறக்கினார், இடுப்பைக் கொஞ்சம் ஒடுக்கினார். பஸ்ஸில் போகிறவனா என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போகிறான்? அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. முகந்தான் இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று தலையாட்டிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் சேலையை மறந்தாலும் ஆரி வேலை போட்ட ஜாக்கெட்டை யாரும் மறக்க மாட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு தினுசு, பார்த்ததும் இன்னாருடையது என்று சொல்லிவிடுவார்கள். அதைத் தைத்துப் பிழைக்கிற எனக்கே அது உறைக்கவில்லை, பாருங்கள்.

பேனர் பஸ் நிறுத்தத்தில் ஏறியது. கூட்டம் வந்தது. கல்யாணப் பெண்கள் "பேனர்ல இருக்க மாதிரி வேணும்க்கா" என்று வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுத்தார்கள். அப்படியொரு இடுப்பு அந்த டீச்சருக்கே கிடையாது. நான் அளவு நாடாவை இறுக்கிப் பிடித்து எழுதிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் அவள் வந்தாள். உட்காரவில்லை.

"என்னையக் கேக்காம எப்படிக்கா வச்சீக?"

"முகமே இல்லையே தாயி."

"செப்டம்பர்ல ஆசிரியர் தினத்துக்கு அந்த ஜாக்கெட்டத்தான் போட்டுட்டுப் போனேன். பேனரப் பாத்ததும் பசங்க கண்டுபிடிச்சுட்டானுக. போன்ல அனுப்பி அனுப்பிச் சிரிக்கிறானுக."

ஆத்தீ என்று உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே ஆள்விட்டுப் பேனரைக் கழற்றி, என் கத்தரியாலேயே துண்டு துண்டாக வெட்டினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆனாலும் தப்பைச் சரிசெய்துவிட்டதாக மனசுக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

முழுப் பரீட்சை முடிந்ததும் அவள் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆடி மாதம் காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலையில் அவளைப் பார்த்தேன். கணக்குச் சொல்லிக்கொடுப்பதென்றால் அவளுக்கு உயிர்.

"அன்னைக்கே கழட்டிட்டேனே தாயி, எதுக்கு வேலைய விட்ட?" என்றேன். அப்போதும் எனக்கு நியாயம் பேசத்தான் வந்தது.

அவள் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"நீங்க கழட்டிட்டீகக்கா. போர்டுல கணக்கு எழுத, தினமும் நான் அந்தப் பசங்களுக்கு முதுகக் காட்டித்தானே நிக்கணும்."