நான் வழுக்கி விழவில்லை

குற்றச்சாட்டு: சென்ற பிப்ரவரி பதினாறாம் தேதி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான துடுப்புப் படகுப் போட்டி முடிந்ததும், எங்கள் படகு மன்றத்தின் வீரர்கள், படகின் சுக்கான் பிடிக்கும் என்னைத் தூக்கிப் படகுத்துறையின் ஆழமில்லாத பக்கத்தில் வீசினார்கள். என் இடது மணிக்கட்டு முறிந்தது. நான் மருத்துவமனையில் இருந்தபோது மன்றச் செயலாளர் பல்கலைக்கழகத்துக்கு அளித்த அறிக்கையில், "சுக்கான் பிடிப்பவர் கவனக்குறைவால் கால் வழுக்கி விழுந்தார்" என்று எழுதினார். அந்த ஒரு வாக்கியத்தின் பேரில் வரும் பருவம் முதல் எனக்குப் படகில் இடமில்லை என்கிறார்கள்.

இந்நிலையில், மன்றத்தின் ஆண்டு மலரில் "விடைபெறும் உறுப்பினர்" பகுதிக்கு என் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரும்படி மலர்க் குழு கேட்டிருக்கிறது. மகிழ்ச்சியான நினைவுகளாக இருந்தால் நல்லதாம். நான் யாரிடமும் விடைபெறவில்லை. ஆயினும் கேட்டதால் எழுதுகிறேன்.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண்ணாடி வில்லைகளைத் தேய்ப்பது என் தொழில். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பை நானாகவே புத்தகம் வாங்கிப் படித்துத் தேர்வெழுதித் தொடர்ந்தேன். முப்பது வயதுக்கு மேல் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரமே அறிவிப்புப் பலகையில் பார்த்தேன்: சுக்கான் பிடிக்க ஆள் தேவை, எடை ஐம்பது கிலோவுக்குள், உரக்கக் கத்தத் தெரிய வேண்டும்.

"எடைக்கு நீ சரிதான். கத்துறதுக்கு உன்னை விட்டா ஊர்ல ஆளே கிடையாது. ஆனா படிக்கப் போறேன்னுட்டு ஆத்துல போய்க் கத்திட்டு வருவியாடி?" என்றார் அம்மா.

போனேன். துடுப்பு வலிக்கும் எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பவள் நான் ஒருத்தி மட்டுமே. இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. மாஸ்டர் என்று அழைக்கப்படும் பயிற்சியாளர், "கயிறு இருக்கு. இழுத்தா திரும்பும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிக் கரையோரம் போய்விட்டார். நூலகத்தில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தின் மேல் நின்று தூண்களைச் சுற்றி நீர் எப்படிப் போகிறது என்று பார்த்தேன். சுக்கானை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் படகு வேகம் இழக்கிறது. இழுக்காமலே நேராகப் போக வைப்பதுதான் என் வேலை என்று புரிந்துகொண்டேன்.

எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தாளம் அமைப்பவன், நீளக் கால்களால் கொக்கு என்று பெயர் வாங்கியவன். விடியற்காலைப் பயிற்சியில் மூச்சு வாங்கிக்கொண்டே வாயடிப்பான்.

"அக்கா, நீங்க கத்திக் கத்தி என் காது போச்சு. நாளைக்குப் பொண்டாட்டி பேசுறது கேக்கலைன்னா நீங்கதான் பொறுப்பு."

"கேக்காம இருந்தா நீ பிழைச்சேடா. வலி!"

இவர்கள் கெட்டவர்கள் என்று நான் எழுதவில்லை. போட்டியன்று கடைசி வளைவில் பாலத்தூணை ஒட்டிப் படகைச் செலுத்தினேன். திரும்பிப் பார்க்க முடியாத எட்டுப் பேரும் என் குரலை நம்பி வலித்தார்கள். அரைப் படகு நீள வித்தியாசத்தில் வென்றோம்.

வென்ற அணி தன் சுக்கான்காரரைத் தூக்கி நீரில் போடுவது மன்றத்தின் வழக்கம். முந்தைய ஆண்டே பல்கலைக்கழகம் சுற்றறிக்கை விட்டு இதைத் தடை செய்திருந்தது. அதன் நகல் என்னிடம் உண்டு. ஆயினும் செய்வார்கள். துறையின் இடப்பக்கம் தூர்வாரி ஆழமாக இருக்கும்; அங்கே போடுவார்கள். வலப்பக்கம் கரை அரிக்காமல் இருக்கக் கல் கொட்டிய இடம். முழங்கால் அளவுதான் தண்ணீர். புதிதாகச் சேர்ந்தவருக்கும் இது தெரியும்.

அன்று புகைப்படக்காரர் குறுக்கிட்டார். "வெயில் எதிர்ல அடிக்குது தம்பிகளா, அப்படியே இந்தப் பக்கம் திரும்புங்க." என்னைத் தூக்கிய கைகள் அப்படியே திரும்பின.

"டேய், அந்தப் பக்கம் கல்லுடா! இறக்கி விடுங்கடா!"

தூக்கப்படும் எல்லாரும் கத்துவார்கள்; கத்தினால்தான் வேடிக்கை. "அக்காவுக்கு இன்னும் ரேஸ் முடியலைடா!" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வீசினார்கள்.

எலும்பு கூடியபின் செயலாளரை அவருடைய வேதியியல் துறை அறையில் சந்தித்தேன்.

"தூக்கிப் போட்டதுன்னு எழுதினா மன்றத்தையே ஒரு வருஷம் மூடிடுவாங்கம்மா. வழுக்கினதுன்னா யாருக்கும் நஷ்டமில்லை."

"எனக்கு, சார்?"

"உங்களுக்கு என்னம்மா, கைதான் கூடிடுச்சே?"

கை கூடியது. மருத்துவர் சான்றிதழும் தந்தார். ஆனால் செயலாளருடைய அறிக்கையைப் படித்த பல்கலைக்கழகம், தன் கவனக்குறைவால் விபத்துக்குள்ளானவரிடம் படகை ஒப்படைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. செயலாளர் இப்போது, "விதின்னா விதிதானேம்மா" என்கிறார். விதியை வரவழைத்த பொய் அவருடையது.

சென்ற மாதம் மன்றத்தின் ஆண்டு விருந்து. கைதட்டலுக்கு நடுவே சுவரில் ஒரு பெரிய படத்தைத் திறந்து வைத்தார்கள். நான் அந்தரத்தில் இருக்கிறேன். வாய் திறந்திருக்கிறது. கீழே விரிந்த கைகள். நான் எழுந்து நின்றேன்.

"சார், இந்தப் படத்துல நான் வழுக்கிட்டு இருக்கேனா?"

சிலர் சிரித்தார்கள், பிறகு அடங்கினார்கள். மாஸ்டர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணித் தலைவன், "சாப்பிடுற இடத்துல எதுக்குக்கா இதெல்லாம்?" என்றான்.

வெளியே நடைவழியில் கொக்கு என் பின்னால் வந்தான்.

"கல்லுன்னு நீங்க கத்தினது எனக்குக் கேட்டுச்சுக்கா."

"கேட்டுமா போட்டே?"

"எல்லாரும் வீசுறாங்க. நான் மட்டும் எப்படிக் கையை விடுறது?"

படகில் ஒருவன் மட்டும் துடுப்பை நிறுத்தக் கூடாது என்று அவனுக்குக் கத்திக் கத்திச் சொன்னவள் நான். அது தண்ணீரில் செய்ய வேண்டியது, கரையில் அல்ல.

"இதை எழுதிக் குடு."

"அடுத்த வருஷம் கேப்டனுக்கு நிக்கிறேன்க்கா," என்றான். உள்ளே போய்விட்டான்.

ஆகவே மன்றக் குழுவைக் கேட்கிறேன். விபத்து அறிக்கையைத் திருத்தி, நான் வீசப்பட்டேன் என்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிப்பீர்களா? சுக்கான் இருக்கைக்கான தேர்வில் என்னை மற்றவர்களோடு சமமாக நிறுத்துவீர்களா? மறுப்பதானால், அந்தப் படத்தில் என் கால் எந்தப் பலகையில் வழுக்கியது என்று காட்டுங்கள். தொலைபேசி வேண்டாம், தேநீர்ச் சமாதானமும் வேண்டாம். புதிய பருவத்தின் பயிற்சி தொடங்குவதற்கு முன், செயலாளரின் கையொப்பத்துடன், எழுத்து மூலமான பதில் எனக்கு வந்து சேர வேண்டும்.