பேய்க்கும் டெஸ்டர் வைத்துப் பார்

ஐ.டி.ஐ.யில் எங்களுக்கு வயரிங் சொல்லித் தந்தார்கள், மோட்டார் காயில் கட்டச் சொல்லித் தந்தார்கள். பேய் ஓட்ட மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் திண்டுக்கல்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தால் மாதம் ஒரு தடவையாவது அந்த வேலை வந்துவிடுகிறது. சட்டைப் பையில் டெஸ்டரோடு திரியும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? விளக்கு மினுக்கினால் ஆவி, சுவர் ஷாக்கடித்தால் செய்வினை. எல்லாம் முடிந்து, கடைசியாகத்தான் நமக்குப் போன் வரும்.

நான் வைத்திருக்கும் வழி சுலபமானது. என்ன நடந்தது என்று முழுசாகக் கேட்பேன். சிரிக்க மாட்டேன். அப்புறம் டெஸ்டர், அப்புறம் மீட்டர். அதிலும் பிடிபடாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லிவிடுவேன். சிரிக்காமல் கேட்கிற பழக்கம் மட்டும் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அந்தக் கதையும் கீழே இருக்கிறது.

கண் சிமிட்டும் அப்பா

நத்தம் ரோட்டில் ஒரு மளிகைக் கடைக்காரர். அவருடைய அப்பா தவறி ஒரு வாரம். அப்பாவின் அறையில் விளக்கை அணைத்த பிறகும் பல்பு விட்டுவிட்டு மினுக்குகிறது. பெரியவர் உயிரோடு இருந்தபோது பேச்சுக்குப் பேச்சு கண்ணைச் சிமிட்டுவாராம். வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

பார்த்தேன். சுவிட்சுக்குள்ளேயே சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியும் ரகம். அதன் வழியாகக் கசியும் துளியூண்டு கரண்ட் போதும், எல்.இ.டி. பல்பு மினுக்கும். சாதா சுவிட்சை மாட்டிக் காட்டினேன், நின்றுவிட்டது. பழையதை மாட்டினேன், மினுக்கியது. கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "புரிஞ்சிருச்சு பாய். மாத்திருவோம். ஆனா பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அதுவரைக்கும் சிமிட்டிட்டுப் போறாரு."

யாரும் அடிக்காத மணி

பேகம்பூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஆள் இல்லாமலே வாசல் மணி அடிக்கிறது என்று ஒரு அம்மா பத்து நாளாக ஓதிய தண்ணீரை வீடெல்லாம் தெளித்துக்கொண்டிருந்தார். மணி ரிமோட்டில் வேலை செய்வது. நான் வாசலில் நின்று கவனித்தேன். எதிர்வீட்டுக்குப் பால்காரர் வந்து பட்டனை அமுக்கினார். எதிர்வீட்டிலும் அடித்தது, இங்கேயும் அடித்தது. ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி மணி, இரண்டும் ஒரே அலைவரிசை.

எதிர்வீட்டுக்கும் இவர்களுக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா முகம் தெளியும் என்று நினைத்தேன், இன்னும் வாடிப்போனது. "பேயோ ஜின்னோ இருந்தா ஓதி ஓட்டிரலாம் தம்பி. எதிர்வீட்டுக்காரிய எதை ஓதி ஓட்டுறது?"

மூச்சு விடும் மோட்டார் ரூம்

நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பு. தோப்புக்காரர் போனில் சொன்னார்: மோட்டார் ரூமுக்குள் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது, வேலைக்கு வந்த பெண்கள் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்கிறார்கள். நான் சிரித்துவிட்டேன். "பேயும் இல்ல, பிசாசும் இல்லண்ணே, காத்தா இருக்கும்" என்று பாடமே எடுத்தேன். இரண்டு நாள் கழித்து ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டார், போனேன்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்கதவைத் திறந்து கையை உள்ளே விடப் போகிறேன், புஸ்ஸென்று மூச்சு. வயர்களோடு வயராக நல்ல பாம்பு சுருண்டு கிடக்கிறது. பின்பக்கமாகவே ஓடிவந்து வரப்பில் விழுந்தேன். முழங்கை தேய்ந்து ரத்தம். போய்ப் பார்க்காமலே இருக்கு என்கிறவனும், போய்ப் பார்க்காமலே இல்லை என்கிறவனும் ஒரே ஜாதி என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தோப்புக்காரர் என்னைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "பேய் இல்லன்னு சொன்னீக, சரி. மூச்சுமா இல்லன்னு சொல்லுவீக?"

பிறந்த வீட்டிலிருந்து வந்தது

சின்னாளப்பட்டியில் ஒரு நெசவுக்காரர் வீடு. கோடாங்கி வரப்போகிறார், மைக் மாட்ட ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பேய் ஓட்ட மைக் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பேய் பிடித்ததாகச் சொன்னது கல்யாணமாகி மூன்றே மாதமான மருமகள் செல்விக்கு. குளியலறைக்குப் போனால் கை கால் உதறி, அலறிக்கொண்டு வெளியே ஓடி வருகிறாளாம். வேறு யாருக்கும் எதுவும் ஆவதில்லை. பிறந்த வீட்டிலிருந்தே கூட வந்த ஆவி என்று கோடாங்கி முன்பே சொல்லியிருந்தார். இன்றைக்கு வேப்பிலையடி, அப்படியும் போகாவிட்டால் பெண்ணைத் திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு. அவளுடைய அப்பா ஒரு ஓரமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

வேலை முடித்துக் கை கழுவப் போனேன். செருப்பு வாசலில் கிடந்தது. வெறுங்காலோடு குழாயைத் தொட்டதும் தோள்வரைக்கும் சுண்டி இழுத்தது. இரும்புக் குழாயில் டெஸ்டரை வைத்தால் பளிச்சென்று எரிகிறது. மேலே ஒரு வாட்டர் ஹீட்டர், உள்ளே கசிவு, எர்த் வயரை யாரும் இணைக்கவே இல்லை. ஆண்கள் குளிப்பது கொல்லைத் தொட்டியில். மாமியார் முழங்கால் வலிக்கு ரப்பர் செருப்பைக் கழற்றுவதில்லை. புது மருமகள் மட்டும் மரியாதைக்கு வெறுங்கால். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "ஆவி குழாய்க்குள்ள எறங்கிருச்சு" என்றார் கோடாங்கி. ஹீட்டர் சுவிட்சை அணைத்தேன், டெஸ்டர் அணைந்தது. போட்டேன், எரிந்தது. நாலாவது தடவையில் கோடாங்கி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவர் சொன்னதில் பாதி சரிதான். அந்த ஹீட்டர் பெண் வீட்டுச் சீர். மாமியார் உள்ளே போய்விட்டார். செல்வி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மூணு மாசமா நான் ஷாக்கடிக்குதுன்னுதாண்ணே சொன்னேன். பேயின்னு இவங்கதான் சொன்னாங்க."

தெரியவில்லை

இது ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ரிட்டையரான ஒரு டீச்சரம்மா, தனியாக இருக்கிறார். அவர் கணவர் படுத்திருந்த அறையில் மின்விசிறி அணைத்திருக்கும்போதே மெல்லச் சுற்றுகிறது என்றார். வயரைக் கழற்றினேன், ஜன்னலைச் சாத்தினேன், கதவிடுக்கில் துணி வைத்தேன், பட்டப்பகலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்து, என் தலைக்கு மேலே அரைச்சுற்றுச் சுற்றி நின்றது. மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன். ஏதோ காற்று எங்கிருந்தோ வரலாம்; எங்கிருந்து என்று என்னால் காட்ட முடியவில்லை.

"எதுக்குச் சுத்துதுன்னு தெரியலம்மா" என்று ஒப்புக்கொண்டேன். டீச்சரம்மா காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "அவரும் அப்படித்தான் தம்பி. எதுக்குச் சுத்துறாருன்னு கடைசிவரைக்கும் எனக்கும் தெரியல."

இத்தனை வருஷத்தில் நேருக்கு நேராக ஒரு பேயையும் நான் பார்த்ததில்லை. ஆனால் நம் ஊர் வீடுகளின் வயரிங்கைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், பேயாகவே இருந்தால் தேவலை என்று பல தடவை தோன்றியிருக்கிறது.