அட்டன் பட்டறையில் வெட்டிக் கட்டிய கார்கள்

நல்ல காரை வாங்கி, வெட்டிக் கூறுபோட்டு, பந்தயக் காராகத் திரும்பக் கட்டுவது எங்கள் தொழில். இதற்கு யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை, வேறெங்கோ துரத்தப்பட்டுத்தான் வருகிறார்கள். என்னைத் துரத்தியவர்களை, துண்டுப்பிரசுரம் எழுதிப் பழகிய கையால் வரிசைப்படியே எழுதிவிடுகிறேன்.

ஒன்று: தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டின் கூரை ஒழுகுகிறது என்று மனு எழுதினேன். கூரையைப் பார்க்க வராதவர்கள் மனுவில் இருந்த கையெழுத்து யாருடையது என்று பார்க்க வந்தார்கள். இரண்டு: தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த என்னைப் புல்வெட்ட அனுப்பினார்கள். மூன்று: பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே சம்பளம் வேண்டும் என்று, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேசினேன், மறுநாள் வேலை நீக்கக் கடிதம் வந்தது. நான்கு: அக்கம்பக்கத்துத் தோட்டம் ஒன்றுகூட என்னை எடுக்கவில்லை. ஐந்து, இதுதான் இன்னும் ஆறவில்லை: யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினேனோ அந்தத் தொழிற்சங்கத்தின் தலைவரே, அட்டன் அலுவலகத்தில் காலையிலிருந்து என்னை உட்காரவைத்து, மாலையில் “அடுத்த வாரம் வாங்க” என்றார்.

படியிறங்கினால் மழை. ஒதுங்கிய இடம் சவரிமுத்து பாஸின் கராஜ். எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்தவரை பாஸ் என்போம். இவர் டயகம தோட்டத்து லயத்தில் பிறந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு காரின் பின் அச்சைத் தனியாளாகத் தூக்க முடியாமல் நின்றவர் என்னைப் பார்த்து, “சும்மாதானே நிக்கிறீங்க? அந்தப் பக்கத்தப் புடிங்க” என்றார். பிடித்தேன். பதினொரு வருடம் பிடித்தேன். யார், எந்த ஊர், ஏன் வேலை போனது என்று ஒரு கேள்வி கிடையாது. அந்த நன்றியில்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் பழைய புத்தி போகுமா? ஏப்ரலில் நுவரெலியாவில் கார்கள் மேடேறும் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு காரும் புறப்படுமுன் ஒலிபெருக்கியில் மூன்று பெயர் வாசிப்பார்கள்: சொந்தக்காரர், ஓட்டுபவர், கட்டியவர். படிவத்தில் மூன்று இடத்திலும் சொந்தக்காரர் தன் பெயரையே எழுதிவிடுவது வழக்கம். பாஸ் கட்டிய கார்கள் எத்தனையோ அந்த மேட்டில் ஏறியிருக்கின்றன. பாஸின் பெயர் ஏறியதில்லை. அதை ஏற்றிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டேன். கராஜில் கை கறுத்த வாசகர்களுக்கு இந்த எரிச்சலை விளக்க வேண்டியதில்லை.

கோழி அடைகாத்த கார்

தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததும் வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுப்போன கார்கள் பங்களா ஷெட்டுகளில் கிடந்தன. அப்படி ஒன்றை ஒரு சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி அதிகாரி, மாட்டுவண்டியில் கட்டி இழுத்துவந்தார். வாலிபர், கண்டிச் சிங்களவர். தோட்டத்தில் பழகிய தமிழை நன்றாகவே பேசுவார். பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிக்கும்வரை காரில் கைவைக்க பாஸ் விடவில்லை. சின்னத்துரை தினமும் வந்து கோழியை விசாரித்துவிட்டுப் போனார்.

குஞ்சுகள் இறங்கியதும் வேலை தொடங்கியது. கூரையை அறுத்தோம். கதவுகளைக் கழற்றினோம். முன்பக்கத்தை ஒரு முழம் நீட்டி, பெரிய வண்டி ஒன்றின் எஞ்சினை உள்ளே இறக்க இடம் பண்ணினோம். வாசலில் வெற்றிலை விற்கும் மாரியாயி அக்கா ஒரு வாரம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நல்லாருந்த காரு எந்தப் பள்ளத்துல விழுந்திச்சின்னு கேக்க இருந்தேன் தம்பி, நீங்களேதான் ஒடைக்கிறீங்களா?”

கொழுந்துத் தராசு

பந்தயக் காருக்கு எடைதான் எதிரி. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம் அது; லேசான பாகம் வேண்டுமென்றால் இருப்பதைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் பழைய தராசு ஒன்றை உத்தரத்தில் தொங்கவிட்டு, கழற்றிய ஒவ்வொன்றையும் சாக்கில் கட்டி நிறுப்போம். எடை படித்துச் சொல்வது என் வேலை. எஞ்சின் பேரிங்குக்கு ஈயக்கலவை உருக்கி ஊற்றியதும் நான்தான். அதைக் கற்றுக்கொடுத்தது என்னைத் துரத்திய தொழிற்சாலை. வயிற்றெரிச்சலோடு அதற்கும் ஒரு நன்றி.

ஒருநாள் கதவொன்றை நிறுத்து எடையைச் சொன்னேன். காரிலிருந்து நிறைய இறங்கிவிட்டதென்று காட்டும் ஆசையில் கொஞ்சம் கூட்டியே சொல்லிவிட்டேன். வெல்டிங் செய்யும் பியசேன தராசு முள்ளை எட்டிப் பார்த்துவிட்டார். தோட்டத்தில் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று பெண்களின் கொழுந்தில் ராத்தல் ராத்தலாகக் கழிப்பதை எதிர்த்து நான் போட்ட கூட்டங்களைப் பற்றி அவரிடம் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். பியசேன முகமூடியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: “அவங்க கழிச்சாங்க, நீங்க கூட்டுறீங்க, தராசு மட்டும் அதேதான் மச்சான்.”

நாலு ரிவர்ஸ்

இது என் பிழை. மறைக்க மாட்டேன். பின் அச்சின் பல்சக்கரக் கூட்டை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டேன். சின்னத்துரை தொப்பி போட்டு, கண்ணாடி மாட்டி, முதல் கியரைப் போட்டார். கார் பின்னால் பாய்ந்து மாரியாயி அக்காவின் வெற்றிலைத் தட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அப்போதுதான் விளங்கியது: முன்னே போக ஒரு கியர், பின்னே போக நாலு கியர்.

வேறு இடமென்றால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். நான் அப்படித்தான் எதிர்பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பாஸ் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அக்காவிடம் வெற்றிலை ஒன்று வாங்கி வாயில் போட்டார். அச்சைத் திரும்ப இறக்க ஜாக்கியை எடுத்துக்கொண்டே சொன்னார்: “ஊர்வலத்துக்குத் தோதான வண்டி தோழர், எதுக்க போலீசு நின்னா திரும்பக்கூட வேணாம், அப்படியே பின்னாடி போயிடலாம்.”

கார்புரேட்டர் வேலைநிறுத்தம்

பந்தயத்துக்கு நாலு நாள் முன்பு சின்னத்துரை படிவத்தை நிரப்பினார். நான் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். சொந்தக்காரர், தன் பெயர். ஓட்டுபவர், தன் பெயர். பேனா மூன்றாவது இடத்துக்கு இறங்கியது. கார்புரேட்டரைக் கழற்றி என் சாப்பாட்டுக் கேரியரின் கீழ்த்தட்டில் வைத்து மூடினேன். “வேலைநிறுத்தம். அந்த எடத்துல பாஸ் பேரு வரணும்” என்றேன். பியசேனவும் முகமூடியைக் கழற்றி வைத்தார். சின்னத்துரை குழம்பிப் போனார். “அந்த எடத்துல வேற யாரும் எழுதினத நான் கண்டதில்ல. அதான் நானும் யோசிக்கல” என்றார். பொய்யாகத் தெரியவில்லை.

எதிர்ப்பு வந்தது பாஸிடமிருந்து. அவ்வளவு கோபமாக அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “ஒங்க சங்கத்த என் கராஜுல நடத்தாதீங்க. பேரப் போட்டா ஊரக் கேப்பான். ஊரச் சொன்னா பிரஜாவுரிமை கார்டக் கேப்பான். மனுப் போட்டு எத்தன வருசம் காத்துக்கிட்டு இருக்கேன், தெரியுமா? கார்டு இல்லாதவன் கராஜ் வச்சிருக்கான்னு நாளைக்கு எவனாவது வந்தா, கேரியரத் தூக்கிக்கிட்டு நீங்களா வருவீங்க?” பாஸ் பெருமை வேண்டாத மனிதர் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது பயம். தோட்டத் தமிழருக்குப் பறிபோன பிரஜாவுரிமை பற்றி எத்தனையோ கூட்டத்தில் பேசியவன், பக்கத்தில் நின்று அச்சுப் பிடித்தவரிடம் அதைக் கேட்டதில்லை. கேரியரைத் திறந்து கார்புரேட்டரை மேசையில் வைத்தேன். “வேலைநிறுத்தம் வாபஸ். பேரும் வேணாம் பாஸ்” என்றேன்.

சின்னத்துரை படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பாஸின் முன்னால் வைத்து, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தமிழில் சொல்லிக் காட்டினார். கார்டு நம்பர் எங்கேயும் கேட்கவில்லை. பேரும் ஊரும் மட்டும். இது அரசாங்கக் காகிதமும் இல்லை. “வேணாம்னா விட்டுறலாம் பாஸ். ஆனா என் பேர எழுத மாட்டேன், வெறுமனே விட்டுக் குடுக்கிறேன்” என்றார். பாஸ் மேசையிலிருந்த கார்புரேட்டரை எடுத்துத் துடைத்தார். துடைத்தபடி என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “எழுதுங்க தோழர். அப்பா பேரையும் சேத்து எழுதுங்க, அவரு பேரும் எதுலயும் ஏறல.”

மேட்டில்

பந்தயச் சாலையின் இரண்டு பக்கமும் சனம். தேயிலைச் சரிவெல்லாம் தோட்டத்து ஆட்கள் குந்தியிருந்தார்கள். மேட்டில் கார் பின்னால் உருளாமலிருக்க டயருக்கு ஒருவர் கட்டை வைக்க வேண்டும். பாஸ் அதற்குக் குனிந்திருந்தார்; அவர் காதுக்குப் பக்கத்தில் சைலன்சர் இல்லாத புகைக்குழாய். ஒலிபெருக்கி பெயர்களை வாசித்தது. சின்னத்துரை எஞ்சினை முறுக்கினார். எனக்கே பாதிதான் கேட்டது. கார் முன்னால்தான் போனது, நல்ல வேகமாகவே போனது. நாலாவது இடம் வந்தது.

புகை அடங்கியதும் பாஸ் கட்டையோடு நிமிர்ந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்டார்: “நம்ம பேரு வந்திச்சா தோழர்? எனக்கு ஒண்ணுமே வெளங்கல.”

படிவத்தின் நகல் என் சட்டைப்பையில் இருந்தது. சங்கத்துக்காரன் நகலில்லாமல் எதையும் கொடுக்க மாட்டான். எண்ணெய் டிரம் மேல் ஏறினேன். பியசேன ஒரு தகரத்தைத் தட்டிச் சனத்தை அமைதிப்படுத்தினார். சரிவில் இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று எழுந்து நின்றார்கள்.

வாழ்நாளெல்லாம் டிரம்மில் ஏறிக் கத்திய நான், கோரிக்கை எதுவும் வைக்காமல், முழக்கம் எதுவும் போடாமல், கேட்டவர் எவரும் மறுத்துப் பேசாமல் ஆற்றிய ஒரே உரை இவ்வளவுதான்: “கட்டியவர், டயகம, சூசை மகன் சவரிமுத்து.”