யாரிடமிருந்து யார் எடுத்தது

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை பேசும், வாய் அப்புறம்தான். பள்ளிக்கூடத்தில் ஒருவன் மூக்கை உடைத்தேன், காலேஜில் இன்னொருவன் பல்லை. தாம்பரத்தில் வாத்தியாராக இருந்த அப்பா என்னை அடித்து அடித்தே இரண்டு பிரம்புகளைத் தீர்த்தார், கோபம் மட்டும் தீரவில்லை. அதை வீரம் என்று வேறு நினைத்துக்கொண்டு திரிந்தேன். இருபத்தாறு வயதில் என் நெருங்கிய நண்பனின் காதை உடைத்தேன். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், பம்மலில் தோல் பை தைக்கிற பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். கீழேயிருந்து தோல் நாற்றமும் பசை நாற்றமும் படியேறி வரும். மேலே நாங்கள் முப்பது பேர் உட்கார்ந்து ஐரோப்பிய அகராதிகளை ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டிருந்தோம். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான வேலை. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், டச்சு, செக் என்று ஒவ்வொரு மொழிக்கும் ஓர் அகராதி. ஒரு சொல் எங்கிருந்து எங்கே போனது என்று பார்த்து இரண்டு அகராதிக்கும் நடுவில் லிங்க் போடவேண்டும். கொடுத்த மொழிக்கு ஒரு கட்டம், வாங்கிய மொழிக்கு ஒரு கட்டம். எங்களில் ஒருத்தருக்கும் அந்த மொழிகள் தெரியாது. சொல்லின் பிறப்பைச் சொல்லும் வரியில் வரும் சுருக்கக்குறிகளுக்கு விளக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், அதை வைத்தே ஒப்பேற்றினோம்.

ஒரே கட்டுச் சொற்களை இரண்டு பேருக்குத் தனித்தனியாகக் கொடுப்பார்கள். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது. கடைசியில் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிடும். வித்தியாசம் வந்த இடத்தில் மட்டும் சூப்பர்வைசர் சார் புத்தகத்தைத் திறந்து பார்ப்பார். இரண்டு பேரும் ஒன்றையே சொல்லிவிட்டால் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் ஜோடி பம்மல்காரன். அவனுடைய அத்தாவுக்குத் தோல் வியாபாரம். மகன் கடையில் உட்காராமல் கம்ப்யூட்டர் தட்டப் போகிறானே என்று அவருக்கு ஆத்திரம். "பர்மனென்ட் மட்டும் ஆயிட்டேன்னு வையி, அத்தா வாயத் தொறக்க மாட்டாரு" என்பான். இரண்டு வருடமாக ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்தவர்கள் நாங்கள். எங்கள் பிரிவுக்கு ஒரே ஒரு பர்மனென்ட் இடம் வந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் டீயை மட்டும் குடித்தோம்.

அந்த மாதம் எங்களுக்கு வந்தது போர்ச் சொற்கள் கொண்ட கட்டு. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. இத்தாலிக்காரனும் பிரெஞ்சுக்காரனும் போருக்கு வைத்திருக்கிற சொல்லே, அவர்களை அடித்து நொறுக்க வந்த வடக்குக் கூட்டத்தாரின் சொல். அந்த இரண்டு மொழிக்கும் தாயான லத்தீனில் போருக்கு இருந்த பழைய சொல் போன இடம் தெரியவில்லை. அடி வாங்கியவன் அடித்தவனின் சொல்லையே எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருக்கிறான். படிக்கும்போது உடம்பு சூடேறும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. ஒரு வரிசைக்கு மட்டும்தான் பேட்டரி உண்டு, அதில் அவன் சீட் இருந்தது. அவன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, என் குறிப்புச் சீட்டுகளைப் பார்த்து முழுக் கட்டையும் போட்டு முடித்தேன். கரண்ட் வந்ததும் என் இடத்துக்குப் போனால் கட்டு காலியாக இருந்தது. கரண்ட் தின்றுவிட்டது என்று அந்த மெஷினின் ஏழு தலைமுறையைத் திட்டிவிட்டு, அதே சீட்டுகளைப் பார்த்து மறுபடியும் எல்லாவற்றையும் போட்டேன்.

பத்து நாள் கழித்து அந்தக் கட்டு பல்கலைக்கழகத்திலிருந்தே திரும்பி வந்தது. பீரங்கி, கைத்துப்பாக்கி என்று செக் மொழி ஜெர்மனுக்குக் கொடுத்த சொற்களையெல்லாம் ஜெர்மன் செக்குக்குக் கொடுத்ததாக மாற்றிப் போட்டிருந்தது. பெரிய மொழிதானே கொடுத்திருக்கும் என்று நான் செக் அகராதியைத் திறக்கவே இல்லை. இரண்டு பேர் கணக்கிலும் அதே தப்பு, அதே வரிசையில். நான் குறிப்புச் சீட்டில் தப்பாக எழுதிய பக்க எண்கூட அப்படியே இருந்தது.

சார் எங்கள் இருவரையும் நிற்கவைத்தார். "ஒருத்தன் போட்டத இன்னொருத்தன் எடுத்திருக்கான். யார்கிட்டேருந்து யார் எடுத்தது? எடுத்தவன் இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்."

"நான் எடுக்கல சார்" என்றேன். உண்மையாகவே நான் எடுக்கவில்லை.

"அந்தக் கட்ட நான் தொடவே இல்ல சார்" என்றான் அவன். "நான் வந்து பாக்கறப்பவே முடிஞ்சிடுச்சின்னு காட்டிச்சு. நீங்க வேற யாருக்கோ குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

சார் சிரித்தார். எனக்கும் கேட்டதிலேயே கேவலமான பொய் அதுவாகத்தான் பட்டது.

மாடிப்படியில் அவனை மடக்கினேன். "திருட்டு நாயே" என்றேன். "டேய், இன்னாடா நீயும் இப்டி பேசற, கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்று தோளில் கை வைத்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டு, விரித்த உள்ளங்கையால் இடது காதோடு சேர்த்து அறைந்தேன். பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். அவன் சுவரில் மோதித் திரும்பி என் வாயில் குத்தினான், உதடு கிழிந்தது. அவன் சட்டையைப் பிடித்து ஐந்தாறு படி கீழே இழுத்தேன். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, அதே காதில் இன்னும் இரண்டு முறை அறைந்தேன். என் ரத்தம் அவன் முகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பை தைப்பவர்கள் ஓடிவந்து நாலு பேராகப் பிடித்து இழுக்கும்வரை நான் நிறுத்தவில்லை. சொல்லக் கூசுகிறது, எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது.

அன்றே அவனை அனுப்பிவிட்டார்கள். திருடனைத்தானே அடித்தான் என்று என்னை விட்டுவிட்டார்கள். மறுநாள் பட்டறைக்காரர்கள் சொன்னார்கள், திருடிட்டு வந்து நிக்கிறியா என்று அவன் அத்தா கடை வாசலில் வைத்துத் தோல் வாரால் விளாசிவிட்டாராம். காதிலிருந்து வந்த ரத்தத்தைப் பார்த்து, தான் அடித்த அடியால்தான் என்று பயந்துபோய் நிறுத்தினாராம். இவன் என் பெயரைச் சொல்லவே இல்லை. பின்னால் காதில் சீழ் வைத்து, இடது பக்கம் கேட்காமலே போய்விட்டது.

அந்தப் பர்மனென்ட் இடம் எனக்குக் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து, பழைய கட்டுகளை யார் எப்போது போட்டார்கள் என்கிற பதிவைச் சரிபார்க்கச் சொன்னார்கள். போர்ச் சொற்கள் வந்தன. அவன் கணக்கில், வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணியிலிருந்து ஒன்றே முக்கால்வரை. என் கணக்கில், அதே நாள் மூன்று மணி. வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அவன் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியாதா? அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். மெஷினில் அவன் கணக்கு திறந்தபடியே இருந்திருக்கிறது. கரண்ட் எதையும் தின்னவில்லை. அவன் கணக்கில் ஒருமுறையும் என் கணக்கில் ஒருமுறையுமாக நானேதான் போட்டிருக்கிறேன். யாரும் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை.

சாரிடம் போய்ச் சொன்னேன். "அதான் முடிஞ்சு போச்சே, குப்பையைக் கிளறாதீங்க" என்றார். அந்த நிமிடமே ராஜினாமா செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. இன்னும் ஒன்றரை வருடம் அங்கேயே உட்கார்ந்து லிங்க் போட்டேன்.

அவன் வீட்டுக்கு மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவனே கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னுதுடா, ஒன் சீட்ல ஒக்காந்து நான்தான் போட்டேன்" என்றேன்.

அவன் வலது காதை என் பக்கம் திருப்பினான். "இன்னா? கேக்கல."

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"சத்தமா சொல்லுடா. இந்தக் காதுதான் கீது."

தொண்டை கிழியக் கத்தினேன். "நான்தான் போட்டேன்! நீ திருடல! ஒன் காத ஒடச்சதும் நான்தான்!" எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்துக் கடையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மொதல் தபாவே கேட்டுச்சு" என்றான். "அத்தா உள்ள கீறாரு. அவருக்குக் கேக்கணும்ல."

உள்ளே யாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம் வந்தது. அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.