ஆடை எடுத்த பால் நிறம்

கெஸினா டைக்ஹவுஸ் தன் ஆயுளில் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் ஆறு வருஷம் வாயைத் திறக்காமலே சொன்னாள்.

கிராண்ட் ராப்பிட்ஸில் எல்லோருக்கும் அவள் ஸீனா. மேஜை நாற்காலி செய்தே பிழைத்த ஊர் அது. அவள் கணவன் ஹெர்ம் ஒரு தொழிற்சாலையில் மரத்துக்கு உப்புத்தாள் தேய்த்தான். ஸீனா இருபது வயதில் ப்ரூயிட் தம்பதியின் பட்டறையில் நூலுக்குச் சாயம் போடச் சேர்ந்தாள். வாரம் ஆறு நாள் கொதிக்கும் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை சபை, பிரசங்கம் நீளும்போது வாயில் ஒரு பெப்பர்மின்ட். முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். இந்த வாரம் என்ன நிறம் என்று பார்க்க, அவள் கையுறையைக் கழற்றும்வரை சபைப் பெண்கள் காத்திருப்பார்கள். அவர்களுக்கு வேறு என்ன வேலை.

அதுவரை இந்த நாட்டில் வரவேற்பறை என்றால் கனத்த திரை, ரோஜாப்பூ போட்ட தரைவிரிப்பு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. ஆரின் ப்ரூயிட்டும் அவர் மனைவி லெனோரும் அதையெல்லாம் வாரி வெளியே கொட்டினார்கள். வெறும் சுவர், மெல்லிய கால் வைத்த நாற்காலி, அதன்மேல் ஒரே ஒரு நிறத்தில் துணி. பத்திரிகையில் படம் வந்த மறுமாதம், ஒஹாயோவில் ஏதோ பல் டாக்டரின் மனைவி அதே மாதிரி வேண்டும் என்று கடைக்காரரை நச்சரிப்பாள். இப்படி ஒவ்வொரு வீடாக மாறியது. மரத்தை வளைப்பது ஆரின். நிறம் சொல்வது லெனோர்.

லெனோரின் நிறங்களுக்கு எண் கிடையாது, பெயர்தான். பூசணிக்காயின் உள்பக்கம். மழை நின்ற கூரை. ஆடை எடுத்த பால். காலை பத்து மணிக்கு வடக்கு ஜன்னலடியில் நின்று, மாதிரி நூல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அட்டையில் குத்தி, பெயரெழுதிக் கொடுப்பார். அதே நிறத்தில் ஸீனா நூறு பவுண்டு நூலை நனைத்தெடுப்பாள். இருபத்திரண்டு வருஷம் இருவருக்கும் ஒரு சண்டை வந்ததில்லை. சிநேகிதிகள் என்று சொல்லிக்கொள்ள மட்டும் இருவருக்கும் கூச்சம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் லெனோர் படிக்கும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பாத்தியா ஸீனா? ஐம்பத்தெட்டு வயசு. கண்ணாடியே வேணாம், பொடி எழுத்தெல்லாம் படிக்கிறேன். கண்ணு குமரியாயிட்டு வருது!"

"எனக்கு முழங்காலாவது அப்படி ஆகக் கூடாதா மிஸஸ் ப்ரூயிட்."

இருவரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் லெனோர் ஒரு அட்டையை நீட்டினார். 'ஆடை எடுத்த பால்' என்று அவர் கையெழுத்து. மேலே குத்தியிருந்த நூலோ பளீரென்ற ஊதா. ஸீனா விளையாட்டு என்று நினைத்து முகத்தைப் பார்த்தாள். லெனோர் அடுத்த அட்டைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் ஆரின் சாயக்கூடத்துக்கு வந்தார். உயரமான மனிதர், தொட்டியோரம் தலையைக் குனிந்தபடி நின்றார்.

"ஊதாவா குடுத்தா?"

"ஆமா."

"போன வாரம் கறுப்பு சாக்ஸ எடுத்து நீலம்னா. கண்ணுல புரை வளருது ஸீனா. கண்ணாடி வேணாங்குறதும் அதாலதான். அவளுக்குத் தெரியல."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"எங்கம்மாவுக்கும் இதேதான், கூட்டிட்டுப் போனேன். கத்தி வச்சாங்க. அதுக்கப்புறம் பன்னெண்டு வருஷம் சுவத்தத் தடவிக்கிட்டே நடந்தா. நிறம் தெரியலைன்னு சொன்னா இவ அன்னிக்கே செத்துருவா. நீ அட்டையப் பாக்காத. பேர மட்டும் படி. அவ என்ன சொல்ல வர்றாளோ அத உன்னால போட முடியும். உன்னால மட்டுந்தான் முடியும்."

ஸீனா அன்றிரவு பட்டாணி சூப்பை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஹெர்ம் கேலி செய்தான்.

"என்னடி, தொட்டில உன் நாக்கையும் சேத்து முக்கிட்டியா?"

"பொய் சாட்சி சொல்றதுன்னா வாயால சொன்னாத்தானா?"

"சபைல கேக்க வேண்டியத சூப்புகிட்ட கேக்குற" என்றான் ஹெர்ம். அதற்குமேல் அவனிடம் அவள் சொல்லவில்லை.

மறுநாள் ஊதாவைத் தொடாமல், லேசாக நீலம் ஓடிய வெள்ளையை நனைத்தெடுத்தாள். லெனோர் அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். "கேட்டதையே குடுத்துட்ட" என்றார். அந்தக் கண்ணுக்கு ஊதாவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆறு வருஷம் இப்படியே போயிற்று. பெயரைப் படிப்பாள், லெனோரின் பழைய மனதை நினைத்துக்கொள்வாள், நனைப்பாள். 'இந்த வயதில்தான் லெனோர் ப்ரூயிட்டின் கண் முழுமையடைந்திருக்கிறது' என்று ஒரு பத்திரிகை எழுதியபோது, ஸீனா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். பாவி, அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது. ஆனால் லெனோர் குத்திய மாதிரிகளை அவள் எறியவில்லை. அட்டைகளோடு ஒரு இழுப்பறையில் போட்டுவைத்தாள். அவற்றை எரித்தால்தான் பொய் முழுதாகும் என்று அவளாக ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆரின் மாரடைப்பில் போனார். பிப்ரவரியில் லெனோருக்கு இடது கண்ணில் வலி, வாந்தி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். முற்றிப்போன புரை உள்ளே வீங்கி நரம்பை நெரித்திருந்தது. இடது கண் அதோடு சரி. வலது கண்ணில் அறுவை செய்து பார்வையை மீட்டார்கள்.

ஏப்ரலில், சோடாபுட்டி மாதிரி கண்ணாடியோடு லெனோர் பட்டறைக்கு வந்தார். ஸீனாவின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"அட, எவ்வளவு நீலம்! உலகமே துவைச்சுப் போட்ட மாதிரி இருக்கு ஸீனா. என்னோட நிறத்தையெல்லாம் ஒருதரம் பாக்கணும். எடு."

ஸீனா தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அட்டைகள் எங்கே இருக்குமென்று லெனோருக்கே தெரியும். அவரே இழுப்பறையைத் திறந்து ஒரு கற்றையை ஜன்னலுக்கு எடுத்துப்போனார். மணி பத்துகூட ஆகவில்லை. முதல் அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"இத நானா குத்தினேன்?"

"ஆமா மிஸஸ் ப்ரூயிட்."

"ஆடை எடுத்த பாலுக்கு இந்த ஊதாவயா?"

"ஆமா."

"கடைக்கு எது போச்சு?"

ஸீனா தன் மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். லெனோர் அடுத்த அட்டையைப் பார்த்தார், அதற்கடுத்ததை. எல்லாம் அப்படித்தான் இருந்தன.

"ஆரினுக்குத் தெரியுமா?"

"அவர்தான் கேட்டுக்கிட்டார். உங்க மனசு தாங்காதுன்னு."

லெனோர் சிரித்தார். "நல்லாத்தான் போட்டிருக்க. என்னைவிட நல்லாவே." ஸீனாவுக்கு மூச்சு வந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

"ஆஸ்பத்திரில டாக்டர் என்ன கேட்டார் தெரியுமா?" என்றார் லெனோர். "நிறம்தானே உங்க தொழில், நிறம் மாறிப்போனது இத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியலையான்னு கேட்டார். நான் அந்த ஆளத் திட்டினேன் ஸீனா. என் நிறம் ஒண்ணுகூட தப்பா போனதில்ல, ஒரு கடைக்காரன்கூட திருப்பி அனுப்புனதில்லன்னு கத்தினேன்."

லெனோர் ஊதா அட்டையை மறுபடி கையிலெடுத்தார்.

"ஒரு தடவ. ஒரே ஒரு தடவ இந்த ஊதாவ நனைச்சு அனுப்பியிருந்தா போதும். திரும்பி வந்திருக்கும். நான் அவமானப்பட்டு அழுதுட்டு டாக்டர்கிட்ட ஓடியிருப்பேன்." கண்ணாடியைக் கழற்றினார். இடது கண் எங்கும் பார்க்காமல் இருந்தது. "இது இருந்திருக்கும்."

மன்னிப்பு என்ற சொல் ஸீனாவின் தொண்டைவரை வந்தது. அவ்வளவு சின்னச் சொல்லை இதற்கு எப்படி நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள். லெனோர் அட்டைகளை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, படியைக் காலால் தேடித் தேடி இறங்கினார். அதன்பிறகு அவர் ஒரு நிறமும் சொல்லவில்லை. கோடையில் பட்டறையை மூடினார்கள். ஸீனா இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனாள். இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை.

அப்புறம் அவள் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஹெர்மைச் சமையலறையின் வடக்கு ஜன்னலடியில் நிறுத்துவாள். ஒரு கண்ணை மூடச் சொல்வாள், பிறகு மற்றதை. ஐந்து நூல்களை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். முதல் தடவை, அவன் வழக்கமான குறும்போடு சிவப்பைப் பார்த்து, "பச்சை, அழகான பச்சை!" என்றான்.

ஸீனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது ஹெர்ம் அதுவரை பார்த்ததில்லை. அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம், சாகும்வரை, ஹெர்ம் அந்த ஜன்னலடியில் சிவப்பைச் சிவப்பு என்றுதான் சொன்னான்.