ஐந்தருவி இரைச்சல்

தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, டேப் மெஷினில் நாடா உரசி ஓடும் ஹெட்டை இரண்டு கைகள் துடைத்துக்கொண்டிருந்தன. பஞ்சு பழுப்பாக வந்தது. புதுப் பஞ்சு சுற்றித் துடைத்தால் அதுவும் பழுப்பு. துடைத்த பஞ்சு வெள்ளையாகவே திரும்பும்வரை நாடாவைத் தொடுவதில்லை என்பது அந்தக் கைகளின் பழக்கம். இடது கை விரல் நுனிகளில் முன்பு காய்ப்பு இருந்தது. கிட்டார் கம்பி அழுத்தி வந்த காய்ப்பு. அது உதிர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

ஆதித்தன் தென்காசியில் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். வாசுதேவநல்லூர் கோயில் கொடையோ வடகரைக் கல்யாணமோ, அவர் கட்டிய மைக்கில் கரகரப்பு வந்ததாக யாரும் சொன்னதில்லை. பழைய நாடாக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்வதையும் தானாகவே செய்து செய்து படித்துக்கொண்டார்.

இப்போது மேஜைமேல் இருந்த, நாடா சுற்றிய ஸ்பூல் ஜஸ்டினுடையது. இளவயதில் இருவரும் ஒரே இன்னிசைக் குழுவில் வாசித்தார்கள். ஆதித்தன் ரிதம் கிட்டார், ஜஸ்டின் லீட். ஆதித்தன் கேட்டதை அச்சு மாறாமல் வாசிப்பார். ஜஸ்டின் நேற்று வாசித்ததை இன்று வாசிக்கமாட்டார். கைதட்டல் ஜஸ்டினுக்கே விழுந்தது. அருவியில் தண்ணீர் கொட்டும் ஒரு சீசனில் ஐந்தருவிப் பக்கம் லாட்ஜில் அறை எடுத்து, ஜஸ்டின் தனியாக ராக் கிட்டார் வாசித்து ஓர் ஆல்பம் பதிவு செய்தார். டேப் மெஷினை ஓட்டியவர் ஆதித்தன். கேசட் அட்டையில் ஜஸ்டின் என்ற ஒரு பெயர்தான் இருந்தது.

கேசட் கொஞ்சம் விற்று நின்றுபோனது. ஜஸ்டின் சென்னைக்குப் போனார். அந்தக் கேசட் ஓடாதது ஆதித்தனுக்கு வெளியே சொல்லாத ஆறுதல். இப்போது யாரோ அதை இணையத்தில் போட, எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் கேட்டுக் கொண்டாட, சென்னைக் கம்பெனி ஒன்று மெருகேற்றி மறுபடி வெளியிடப்போகிறது.

ஜஸ்டின் ஸ்பூலை நேரிலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்.

"ஏலே ஆதி, இதச் செய்ய ஒன்ன விட்டா ஆளு கெடையாது. ஒண்ணே ஒண்ணு. பின்னால டேப்பு இரைச்சல் கேக்குல்லா, அத ஒரு பொட்டு இல்லாம எடுத்திரு."

"எடுத்திருவோம்" என்றார் ஆதித்தன். பாராட்டு முள்ளாகக் குத்தியது.

நாடாவை ஏற்றிவிட்டு, ஹெட்போனில் குறை தேடித்தான் கேட்டார். மூன்றாவது பாட்டில் ஜஸ்டின் ஒரு கம்பியை மேலே தள்ளி, தள்ளிய இடத்திலேயே நிறுத்தி, ஒலி நடுங்கி நடுங்கிக் கரையும்வரை சும்மா இருக்கிறார். அடுத்த சுரத்துக்கு அவசரமே இல்லை. ஆதித்தனின் விரல்கள் மேஜை விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தன. தானாக இருந்தால் அந்த இடத்தை நிரப்பியிருப்பார்.

"நாசமாப் போவான்" என்றார் வாய்விட்டு. திருப்பிப் போட்டுக் கேட்டார்.

அப்போதுதான் அந்த இரைச்சலைக் கவனித்தார். டேப் இரைச்சல் ஒரே சீராக இருக்கும். இது காற்றடித்ததுபோல ஏறி இறங்கியது. லாட்ஜ் அறை புழுக்கமாக இருந்ததும், பதிவுக்கு முன் தானே எழுந்துபோய்ப் பின் ஜன்னலைத் திறந்துவிட்டதும் நினைவுக்கு வந்தன. கேட்பது அருவி. ஜஸ்டின் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தவர், அவருக்குத் தெரியாது.

இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தைக் குறித்துக் காட்டினால், கம்ப்யூட்டர் அதைப் படித்துக்கொண்டு பாட்டு முழுவதிலிருந்தும் எடுத்துவிடும். மைக்கைத் திறக்குமுன் ஓடிய வெறும் நாடாவைக் காட்டினால் டேப் இரைச்சல் மட்டும் போகும். மைக்கைத் திறந்தபின் உள்ள இடத்தைக் காட்டினால் அருவியும் போகும். அருவியோடு, அதற்குள் கரையும் கம்பியின் கடைசி நடுக்கமும் போகும். ஜஸ்டின் சொன்னதைச் செய்ததாகவே இருக்கும். ஒருவரும் குறை சொல்ல முடியாது.

ஆதித்தன் மைக் திறந்தபின் உள்ள இடத்தைக் குறித்தார்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட வந்த மனைவி சுகிர்தத்தை உட்காரவைத்து, மூன்றாவது பாட்டைப் போட்டார். சுகிர்தம் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள். பழைய கேசட்டை இந்த வீட்டில் பலமுறை கேட்டவள். ஆதித்தன் திட்டிக்கொண்டே போடுவார், திட்டிக்கொண்டே முழுதும் கேட்பார்.

பாட்டு சுத்தமாக ஓடியது. நடுங்க வேண்டிய இடத்தில் ஒலி வெட்டுப்பட்டு நின்றது.

"எப்படி இருக்கு?"

"இரைச்சலே இல்ல."

"அவன் வாசிப்பு?"

சுகிர்தம் முந்தானையால் கையைத் துடைத்தாள். "சின்னப் பிள்ளைங்க ஸ்கூல்ல வாசிக்குத மாதிரி இருக்கு. இதுக்கா நீங்க இத்தன வருசம் வயிறெரிஞ்சிய?"

சந்தோஷப்பட வேண்டிய வார்த்தை. ஆதித்தனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"கேசட்டுல இப்படி இருக்காது" என்றார்.

"நான் இப்பக் கேட்டதத்தான சொல்லுதேன். வாங்க, கொழம்பு ஆறுது."

அவர் எழவில்லை. இதை ஊர் கேட்டால் என்ன சொல்லும்? ஜஸ்டின் சுமாரானவர் என்று சொல்லும். அப்படியானால் சுமாரான ஒருவரிடம் தோற்றுத்தான் ஆதித்தன் கிட்டாரை உறையில் போட்டுக் கட்டினார் என்றாகும். அதற்கு அவர் சம்மதிக்கமுடியாது. தான் பொறாமைப்பட்டது லேசுப்பட்ட வாசிப்பின்மேல் அல்ல.

செய்ததை அழித்தார். மைக் திறக்குமுன் ஓடிய வெறும் நாடாவைத் தேடிக் குறித்தார். டேப் இரைச்சல் மட்டும் விலகியது. அருவி முன்பைவிடத் தெளிவாக வந்தது. ஒவ்வொரு பாட்டையும் அப்படியே பொறுமையாகச் செய்தார். குழம்பு ஆறிப்போனது.

ஜஸ்டின் வந்து ஹெட்போனை மாட்டிய உடனே முகம் சுளித்தார்.

"என்னலே, இரைச்சல எடுக்கச் சொன்னேம்லா?"

"எடுத்தாச்சு. இது டேப்பு இல்ல, அருவி. நான்தான் அன்னைக்கு ஜன்னலத் தொறந்துவிட்டேன். அத எடுத்தா நீ வாசிச்சதும் சேந்து போயிரும். மூணாவதக் கேளு."

ஜஸ்டின் கேட்டார். கம்பி மேலேறி நின்று, நடுங்கி, தண்ணீருக்குள் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டே கேட்டவர், பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"நல்லாத்தான் வாசிச்சிருக்கேன், என்னலே?"

"ஆமா" என்றார் ஆதித்தன்.

"ஒம் பேரையும் அட்டையில போடச் சொல்லுதேன். என்னன்னு போட?"

"ஜன்னல் தொறந்தவன்னு போடு."

ஜஸ்டின் சிரித்தார். ஆதித்தன் சிரிக்கவில்லை. ஸ்பூலைப் பழைய அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, அதன்மேல் பாட்டுகளை ஏற்றிய பென்டிரைவை வைத்து நீட்டினார். ஜஸ்டின் வாங்கினார். ஆதித்தனின் விரல்கள் பெட்டியின் ஓரத்தைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு, விட்டன.